செட்டிநாட்டு இலையும் சர்க்கரை மாத்திரையும்: மாவுச்சத்தைக் குறைக்க ஒரு முழு வழிகாட்டி

சோற்றைக் குறைப்பதற்கு முன்னால் மாத்திரை அட்டையைத் திருப்பிப் படியுங்கள். இந்த வரிசையை நான் மாற்றிச் செய்து பட்டவன்.

ஆறு வருடத்துக்கு முன் எனக்கு டைப் 2 சர்க்கரை என்று தெரிந்தது. காலையில் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், போட்டுக்கொண்டிருந்தேன். மாவுச்சத்தை (கார்போஹைட்ரேட், சீனியும் இதில் சேர்த்தி) குறைத்தால் சுகர் இறங்கும் என்று எங்கோ படித்ததும் மறுநாளே ஆரம்பித்துவிட்டேன். ஐந்து இட்லிக்குப் பதில் இரண்டு அவித்த முட்டை, ஒரு கிண்ணம் கோசமல்லி (கத்திரிக்காய் மசியல்), அதோடு வழக்கமான மாத்திரை. பதினொன்றரை மணிக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழைய சாமான் கடையில் நிற்கிறேன், கை நடுங்குகிறது, சட்டை நனைந்துவிட்டது. கடைக்காரர் சொன்ன விலை காதில் விழுந்தும் மூளைக்கு ஏறவில்லை. அவர்தான் ஆளை உட்காரவைத்து ஒரு கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். அரைமணி கழித்து வீட்டில் விரலைக் குத்திச் சுகர் பார்த்தேன், 84. கலர் குடித்த பிறகே 84 என்றால், நடுங்கிய நேரத்தில் என்ன இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

உணவில் தப்பு இல்லை, மாத்திரையிலும் தப்பு இல்லை. ஐந்து இட்லியைக் கணக்கில் வைத்து எழுதிய மாத்திரையை முட்டையோடு போட்டதுதான் தப்பு. அதனால் மாத்திரையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதல் படி: நீங்கள் போடுவது எந்த வகை மாத்திரை?

"சுகர் மாத்திரை, வெள்ளையா இருக்கும்" என்றுதான் பாதிப் பேர் சொல்வார்கள். அட்டையின் பின்பக்கம் கம்பெனிப் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு அதைப் படியுங்கள். நம் ஊரில் ஒரே மாத்திரைக்குள் இரண்டு மூன்று மருந்து சேர்ந்திருப்பது சர்வ சாதாரணம். என்னுடையதில் கிளிமெபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்திருந்தன. அது தெரியவே எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

மெட்ஃபார்மின் பெரும்பாலும் முதலில் தரப்படும் மருந்து. கல்லீரல் ராத்திரியெல்லாம் தன் போக்கில் சர்க்கரையை இரத்தத்தில் விடுவதை இது மட்டுப்படுத்தும். தனியாகப் போட்டால் சுகர் ஆபத்தான அளவுக்குத் தாழ்வது அபூர்வம். ஆரம்பத்தில் வயிறு பொருமும், பேதியாகும். சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டு, அளவை மெதுவாக ஏற்றினால் பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும். எஸ்.ஆர். அல்லது எக்ஸ்.ஆர். (மருந்தை மெதுவாக விடும் வகை) என்று போட்டிருந்தால் உடைக்கவோ மெல்லவோ கூடாது. அந்த வகையில் சிலவற்றின் கூடு மலத்தில் அப்படியே வெளியே வரும். மருந்து இறங்கவே இல்லை என்று என் ஆத்தா பதறியது இதைப் பார்த்துத்தான். உள்ளே இருந்த மருந்து இறங்கிவிட்டது, வருவது வெறும் சக்கைதான். வருடக்கணக்கில் போடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். சிறுநீரகம் நன்றாகத் தளர்ந்தவர்களுக்கு இந்த மருந்து கூடாது.

கிளிமெபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு மூன்றும் ஒரு குடும்பம். கணையத்தைத் தட்டி எழுப்பி இன்சுலினைச் சுரக்கவைப்பவை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று இவை பார்ப்பதில்லை. தாழ்சர்க்கரை பயமெல்லாம் முக்கியமாக இந்தக் குடும்பத்திலும் இன்சுலின் ஊசியிலும்தான்.

சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின், டெனிலிகிளிப்டின் போன்றவை சுகர் ஏறும்போது மட்டும் வேலை செய்யும் சாதுவான வகை. வோகிலிபோஸ், அகார்போஸ் இரண்டும் குடலில் மாவு கரைவதைத் தாமதப்படுத்துபவை. மாவே குறைந்துவிட்டால் இவற்றுக்கு அதிகம் வேலை இருக்காது.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகையைத் தனியாகக் கவனியுங்கள். சர்க்கரையைச் சிறுநீர் வழியே தள்ளிவிடும் இவை இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்யும் மருந்துகள். ஆனால் சோற்றை அடியோடு நிறுத்துகிறவர், பட்டினி விரதம் இருப்பவர், வாந்தி பேதியில் கிடப்பவர் இவற்றைப் போட்டால் இரத்தத்தில் கீட்டோன் அமிலம் கூடிவிடக்கூடும். கருவியில் சுகர் சாதாரணமாகத் தெரியும், ஆள் மூச்சு வாங்கிக்கொண்டு கிடப்பார். வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு என்று வந்தால் "சுகர் 160தானே" என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அறுவைச் சிகிச்சைக்கு மூன்று நாள் முன்பே இவற்றை நிறுத்தச் சொல்வது வழக்கம். அதைச் சொல்ல யாராவது மறந்தாலும் நீங்கள் கேளுங்கள்.

இரண்டாம் படி: மருத்துவரிடம் கேட்பது

"டயட் இருக்கலாமா டாக்டர்?" என்று கேட்டால் "தாராளமா இருங்க" என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: "காலையில் ஐந்து இட்லி சாப்பிடுகிறேன், மத்தியானம் மூன்று தடவை சோறு வாங்குகிறேன். இதைப் பாதிக்கும் கீழே கொண்டுவரப் போகிறேன். எந்த மாத்திரையை எவ்வளவு குறைக்க வேண்டும்?" கிளிமெபிரைடு குடும்பத்தையும் இன்சுலினையும் முதல் நாளிலிருந்தே குறைப்பதோ நிறுத்துவதோ பல மருத்துவர்களின் வழக்கம். எவ்வளவு என்பதை உங்கள் அளவுகளைப் பார்த்து அவர்தான் சொல்ல முடியும். மெட்ஃபார்மினில் பெரும்பாலும் கை வைக்க மாட்டார்கள். பிரஷர் மாத்திரையைப் பற்றியும் அப்போதே கேட்டுவிடுங்கள். மாவுச்சத்து குறைந்த முதல் இரண்டு வாரத்தில் உடம்பிலிருந்து நீரும் உப்பும் வெளியேறும், பிரஷரும் இறங்கும். எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் காரணம் அதுவாக இருக்கலாம்.

கர்ப்பிணிகள், டைப் 1 உள்ளவர்கள், சிறுநீரில் புரதம் போகிறவர்கள், கணைய அழற்சி வந்தவர்கள் இந்தக் கட்டுரையை மட்டும் நம்பி எதையும் ஆரம்பிக்க வேண்டாம்.

மருந்துச் செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சர்க்கரை மாத்திரை இலவசம். நடக்க முடியாத பெரியவர்களுக்கு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அங்கே தரும் மாத்திரையிலும் மருந்தின் பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள். தனியார் டாக்டர் எழுதியதும் இதுவும் ஒரே மருந்தாக இருந்து, இரண்டையும் சேர்த்துப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

மூன்றாம் படி: ஒரு வாரம் எதையும் மாற்றாமல் குத்திப் பாருங்கள்

வீட்டுக் கருவி ஒன்று வாங்குங்கள். கருவியைவிட, இரத்தத்துளி வைக்கும் சோதனைப் பட்டைக்குத்தான் காசு போகும், அதனால் பட்டை விலையைப் பார்த்து வாங்குங்கள். வெறும் வயிற்றில் ஒன்று, ஏதாவது ஒரு வேளை சாப்பிட உட்கார்ந்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. ஒரு நாள் இட்லிக்குப் பிறகு, மறுநாள் மத்தியானச் சோற்றுக்குப் பிறகு, அப்புறம் இரவுப் பலகாரத்துக்குப் பிறகு என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். மாம்பழம் அரிந்த விரலில் எனக்கு ஒரு தடவை 340 காட்டியது.

பொதுவாகக் கர்ப்பம் இல்லாத பெரியவர்களுக்குச் சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130, சாப்பிட்ட பின் 180-க்குள், மூன்று மாதச் சராசரியான ஹெச்பிஏ1சி 7-க்குள் என்பது இலக்கு. வயதானவர்களுக்கும் அடிக்கடி சுகர் தாழ்கிறவர்களுக்கும் இதைக் கொஞ்சம் தளர்த்துவார்கள்.

எந்தச் சாப்பாடு உங்களுக்கு எவ்வளவு ஏற்றுகிறது என்பதை இந்த ஒரு வாரக் குறிப்பு சொல்லும். எனக்கு வெண்பொங்கல் ஏற்றிய அளவுக்கு ஆப்பம் ஏற்றவில்லை. என் அண்ணனுக்கு நேர்மாறு.

நான்காம் படி: இலையை மாற்றிப் போடுவது

நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், பர்மாவில் கொடுக்கல் வாங்கல் செய்த காலத்தில் ஐராவதி டெல்டாவின் நெல் வயல்களுக்குப் பணம் கொடுத்தவர்கள். வானம் பார்த்த பூமியில் கண்மாய் கட்டி வாழ்ந்த ஊர்க்காரர்களுக்கு அரிசி என்பது செல்வத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. காலையில் இட்லி, மத்தியானம் சோறு, சாயங்கால இடைப்பலகாரத்துக்குப் பணியாரம், ராத்திரி இடியாப்பம். பெயர்தான் நாலு, உள்ளே இருப்பது பெரும்பாலும் அரிசி.

கணக்குப் போடுவோம். நடுத்தர அளவு இட்லி ஒன்றில் சுமார் 10 முதல் 12 கிராம் மாவுச்சத்து, ஐந்துக்கு 50 முதல் 60. வெந்த சோறு 100 கிராமில் சுமார் 28. குழம்புக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று மூன்று தடவை வாங்கினால் சோறு சாதாரணமாக 400 கிராம் வரும், அதாவது 110 கிராம் மாவுச்சத்து. இரண்டு கரண்டி சர்க்கரை போட்ட பால் காப்பி மூன்று தடவை என்றால் இன்னொரு 45. ராத்திரிச் சாப்பாட்டைத் தொடாமலே 200 கிராமைத் தாண்டிவிட்டோம்.

ஒரு நாளைக்கு 130 கிராமுக்குக் கீழே வந்தால் அதைக் குறைந்த மாவுச்சத்து உணவு என்கிறார்கள். 20 முதல் 50 கிராம் வரை இறங்குவது கீட்டோ வகை. மாத்திரை போடுகிற ஆள் யாரையும் கேட்காமல் அந்தப் பக்கம் போகக் கூடாது, போக வேண்டிய அவசியமும் பலருக்கு இல்லை. 2022-இல் வந்த, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) இண்டியாப் ஆய்வு, புதிதாக நோய் கண்டவர்கள் மாவுச்சத்தை மொத்தக் கலோரியில் 49 முதல் 54 சதவீதத்துக்குக் கொண்டுவந்து, புரதத்தை 20 சதவீதம் அளவுக்கு ஏற்றினாலே மருந்தில்லாத நிலையை எட்ட வாய்ப்பு உண்டு என்று கணக்கிட்டது. நம் ஊர்ச் சாப்பாட்டில் மாவுச்சத்தின் பங்கு இதைவிட எவ்வளவோ அதிகம். அதனால் முதலில் 130-ஐப் பிடியுங்கள். ஒரு மாதம் பார்ப்போம்.

சரி, எப்படி? செட்டிநாட்டு அடுப்படிக்கு இதைப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. குழம்பையும் வறுவலையும் சோற்றுக்குத் துணை என்று வைத்திருக்கிறோம். அதை மாற்றி, சோற்றைக் குழம்புக்குத் துணை ஆக்குங்கள். இலையில் முதலில் துவட்டல் (பொரியல்), கூட்டு, கறி. அவற்றைப் பாதி சாப்பிட்ட பிறகு ஒரு சிறிய கிண்ணம் சோறு, 100 கிராமுக்கு மேல் வேண்டாம். காயும் கறியும் முதலில் உள்ளே போனால் அதே சோறு சுகரைக் குறைவாக ஏற்றும். இதை நீங்களே குத்திப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

அசைவக்காரர்களுக்குக் கவலையே இல்லை. நாட்டுக்கோழி வறுவல், மட்டன் சுக்கா, சுறாப்புட்டு, நண்டு ரசம், காடை, எதிலும் சொல்லும்படி மாவுச்சத்து கிடையாது. சோளமாவு தோய்த்துப் பொரித்ததைத் தவிருங்கள். உப்புக்கண்டம் ருசிதான், பிரஷர் இருந்தால் ஒரு துண்டோடு நிறுத்துங்கள். சைவத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். கோசமல்லியில் உருளைக்கிழங்கு சேர்க்காமல் கத்திரிக்காயை மட்டும் மசியுங்கள். வெண்டைக்காய் மண்டிக்கு விடும் அரிசி களைந்த தண்ணீரைப் பற்றிக் கவலை வேண்டாம், அந்தக் கொஞ்சத்தில் ஒன்றும் ஆகாது. முருங்கைக்கீரை, அவரைக்காய், புடலை, பாகல், சுரை, முட்டைக்கோஸ் எல்லாம் கை நிறைய எடுக்கலாம். உருளை, சேனை, கருணை, வாழைக்காய் இவை சோற்றின் சொந்தக்காரர்கள். கறி என்று இலையில் ஓரமாக உட்கார்ந்திருந்தாலும் சோற்றோடு சேர்த்தே எண்ணுங்கள்.

சைவர்களுக்குப் புரதம் எங்கிருந்து? பனீர், தயிர், வேர்க்கடலை, பருப்பு, முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு முட்டை. உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் ஒரு கிராம் புரதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பருப்பிலும் மாவுச்சத்து உண்டு, ஆனால் நாரும் புரதமும் கூட வருவதால் சோற்றைப் போல் தாவாது. ராத்திரிக்கு இடியாப்பத்தை விட்டுவிட்டுப் பாசிப்பயறு தோசை ஒன்று, பருப்பு தூக்கலாக அரைத்த அடை ஒன்று, தொட்டுக்கொள்ள நிறையக் கோசமல்லி. காலையில் இரண்டு இட்லியோடு இரண்டு முட்டை.

முதல் வாரம் சோர்வும் தலைவலியும் வரும். உப்புப் போட்ட மோர் உதவும். பிரஷர், இதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் உப்பைக் கூட்டும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். எண்ணெயைப் பொறுத்தவரை என் கருத்து: நல்லெண்ணெயில் தாளிப்பதற்குப் பயப்பட வேண்டாம், ஆனால் மாவைக் குறைத்தோம் என்பதற்காக நெய்யைக் கிண்ணத்தில் ஊற்றிக் குடிப்பதும் வேண்டாம். சிலருக்கு எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு ஏறிவிடுகிறது. மூன்று மாதத்தில் அதையும் சோதித்துவிடுங்கள்.

கவுனி, கருப்பட்டி, கேழ்வரகு என்ற மூன்று சமாதானங்கள்

"கவுனி அரிசி கறுப்பு, நார்ச்சத்து உண்டு, சுகருக்கு நல்லது" என்று விருந்துக்கு விருந்து கேட்கிறேன். தவிடு நீக்காத அரிசி என்பதால் வெள்ளையரிசியைவிட ஒரு படி மேல்தான். ஆனால் அதுவும் அரிசி. நாம் அதைச் சாப்பிடுவதோ சீனியும் தேங்காயும் நெய்யும் போட்டு. கருப்பட்டி போட்ட கும்மாயத்தில் உளுந்து இருப்பது நல்லதுதான், ஆனால் இரத்தத்துக்குக் கருப்பட்டியும் சர்க்கரையே. கேழ்வரகு மாவில் எடைக்கு எடை மாவுச்சத்து கிட்டத்தட்ட அரிசி அளவுக்கு உண்டு. களியாக ஒரு சிறு உருண்டை என்றால் சரி, கூழாகக் கரைத்து இரண்டு செம்பு குடித்தால் சுகர் விறுவிறு என்று ஏறும்.

வெள்ளைப் பணியாரத்தை நானும் விடவில்லை. மாதத்தில் ஒரு நாள், இரண்டே இரண்டு, மிளகாய்ச் சட்னியோடு. அன்று மத்தியானம் சோறு கிடையாது. மற்ற நாளின் இடைப்பலகாரத்துக்கு ஒரு கைப்பிடி அவித்த வேர்க்கடலை, அல்லது உளுந்து வடை ஒன்று.

கல்யாண வீட்டுப் பந்தி வேறு கதை. பரிமாறுகிறவர் உபசாரம் என்று விடமாட்டார், இலை காலியாக இருந்தால் அவருக்கே கைகால் ஓடாது. ஒரு கரண்டி சோற்றை வாங்கி இலை நடுவில் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். மேடு தெரியும்வரை அடுத்த கரண்டி வராது. அதைச் சுற்றிலும் உள்ளதைச் சாப்பிட்டு எழுந்துவிடலாம். பிள்ளையார் நோன்பில் இழை எடுத்துக்கொள்வதை (மாவில் வைத்த திரியை ஏற்றி அப்படியே விழுங்கும் நகரத்தார் வழக்கம்) யாரும் நிறுத்த வேண்டியதில்லை. அது கோலிக்குண்டு அளவு மாவுதான். அதற்கப்புறம் வரும் பலகாரத் தட்டைத்தான் பக்கத்து இலைக்குத் தள்ளிவிட வேண்டும்.

ஐந்தாம் படி: சுகர் தாழ்ந்தால்

70-க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. வியர்வை, நடுக்கம், திடீர்ப் பசி, படபடப்பு, பேச்சுக் குழறல். கருவி கையில் இல்லையென்றாலும் காத்திருக்காதீர்கள். குளுக்கோஸ் பவுடரோ சீனியோ மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். பதினைந்து நிமிடத்தில் மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. அல்வா, சாக்லேட், பால் பணியாரம் எல்லாம் இதற்கு உதவாது, கொழுப்பு அதை மெதுவாக்கிவிடும். வோகிலிபோஸ், அகார்போஸ் போடுகிறவர்களுக்குச் சீனியும் உடனே வேலை செய்யாது, குளுக்கோஸ்தான் வேண்டும். அந்தப் பொட்டலம் ஒன்று சட்டைப் பையிலேயே இருக்கட்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஒரு தடவை தாழ்ந்தால் அன்றே மருத்துவருக்குச் சொல்லுங்கள். மாத்திரை அதிகம் என்பதற்கான தகவல் அது. அதற்காகக் கூடுதலாகச் சோறு சாப்பிட்டுச் சமாளிப்பது தலைகீழ் வைத்தியம்.

நடையும் பாதமும்

சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தாலே சுகர் குறைவாக ஏறும். செட்டிநாட்டு வீட்டில் முகப்பிலிருந்து பின்கட்டு வரை நாலு தடவை போய் வந்தாலே போதுமான தூரம்.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடப்பவர்களிடம் மட்டும் சற்று விரிவாகப் பேச வேண்டும். பகல் முழுக்க நடந்தால் அதே மாத்திரை அதிகமாக இறக்கும், மறுநாள் காலை வரைகூட. புறப்படும் முன் அளவைக் குறைக்க வேண்டுமா என்று கேளுங்கள். வழியில் பந்தலுக்குப் பந்தல் அன்னதானம் இருக்கும். அங்கும் கருவியைப் பார்த்துச் சாப்பிடுங்கள். இதைவிட முக்கியம் பாதம். பல வருடச் சர்க்கரையில் காலின் உணர்ச்சி மரத்துப்போகும். முள் ஏறியதும் தெரியாது, தார்ச்சாலை சுட்டதும் தெரியாது. மருத்துவர் மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்த்து உணர்ச்சி குறைவு என்று சொன்னால் வெறுங்காலோடு நடக்காதீர்கள். முருகன் செருப்பைப் பார்த்துக் கோபித்துக்கொள்ள மாட்டான். மத்தியானம் முற்றத்துக் கல்லில் நடப்பதும் அவர்களுக்கு ஆபத்துதான். தினமும் இரவில் பாதத்தின் அடியைப் பாருங்கள், குனிய முடியாதவர்கள் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம்.

ஆறாம் படி: மூன்று மாதம் கழித்து

ஹெச்பிஏ1சி எடுங்கள். இறங்கியிருந்தால் குறிப்பேட்டோடு மருத்துவரிடம் போங்கள். மாத்திரையைக் குறைப்பதும் படிப்படியாக, அவர் கையால் நடக்கட்டும். மருந்து எதுவும் இல்லாமல் மூன்று மாதத்துக்கு மேல் 6.5-க்குக் கீழே நின்றால் அதை நோய் தணிந்த நிலை என்கிறார்கள். குணமாயிற்று என்று பொருள் இல்லை, சோறு பழையபடி ஏறினால் சுகரும் ஏறும். இறங்கவே இல்லையென்றால் அதை உங்கள் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கணையம் தளர்ந்துபோனவர்களுக்கு இன்சுலின் தேவைப்படும், அதை வருடக்கணக்கில் தள்ளிப்போடுவதால் கண்ணும் சிறுநீரகமும்தான் கெடும். சாப்பிடாமலே எடை வேகமாகக் கரைந்தால் உடனே போய்க் காட்டுங்கள்.

வருடம் ஒரு தடவை கண்ணின் விழித்திரை, சிறுநீரில் ஆல்புமின் (புரதம்), சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், கொழுப்பு, பாத உணர்ச்சி என்று எல்லாம் பார்த்துவிடுங்கள். மெட்ஃபார்மின்காரர்கள் பி12-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கிளிமெபிரைடு நின்று நாலு வருடம் ஆகிறது. மெட்ஃபார்மின் மட்டும் இரவுப் பலகாரத்தோடு. போன மாதம் 6.4. அந்தப் பழைய சாமான் கடைக்காரர் என்னைக் கண்டால் இன்றைக்கும் முதலில் நாற்காலியை எடுத்துப் போட்டுவிட்டுத்தான் விலை சொல்கிறார்.